நியாயப்பிரமாணம் முடிந்துவிட்டதா? கிருபை, விசுவாசம், கட்டளை: எது முந்தி, எது பிந்தி

கேள்வி இது: "கிருபையினாலே இரட்சிக்கப்பட்ட பிறகு மோசேயின் நியாயப்பிரமாணம் நமக்கு எதற்கு? பத்துக் கட்டளை வேண்டும், உணவுச் சட்டம் வேண்டாம் என்று எதை வைத்துப் பிரிக்கிறோம்? ஓய்வுநாளையும் தசமபாகத்தையும் என்ன செய்வது? விசுவாசம் போதும் என்று பவுலும் போதாது என்று யாக்கோபும் சொல்வது முரண்பாடு இல்லையா?"

கேள்விகள் பல, முடிச்சு ஒன்றுதான். மீட்பு முதலில் வந்து கட்டளை பின்னால் வருகிறதா, கட்டளையைக் கைக்கொண்டதற்குக் கூலியாக மீட்பு வருகிறதா? இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றவற்றை ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். வரிசை புரண்டால், எத்தனை வசனம் மனப்பாடமாக இருந்தாலும் சிக்கல் கூடிக்கொண்டேதான் போகும்.

யாத்திராகமத்தின் அதிகாரங்களை எண்ணிப் பாருங்கள். 12-இல் பஸ்கா ஆட்டுக்குட்டி. 14-இல் சமுத்திரம் பிளக்கிறது. 19-இல், எகிப்தை விட்டுப் புறப்பட்ட மூன்றாம் மாதத்தில், ஜனங்கள் சீனாய் மலையடிவாரத்துக்கு வந்து சேர்கிறார்கள். கட்டளைகள் 20-இல்தான் வருகின்றன. பார்வோனுக்குச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம், "முதலில் இவற்றைக் கைக்கொள்ளுங்கள், பிறகு விடுவிக்கிறேன்" என்று ஒரு வார்த்தையும் சொல்லப்படவில்லை. பத்துக் கட்டளைகளின் முதல் வாக்கியமே கட்டளை அல்ல: "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே." யூத மரபு இந்த வாக்கியத்தையே பத்தில் முதலாவதாக எண்ணுகிறது. (கத்தோலிக்கரும் லுத்தரன்களும் எண்ணும் முறை வேறு, சீர்திருத்த சபைகள் எண்ணும் முறை வேறு. ஒருவர் "ஆறாம் கட்டளை" என்றால், கொலையைச் சொல்கிறாரா விபசாரத்தைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.)

அந்தக் கட்டளைகளைப் பெற்ற ஜனங்கள், மோசே மலையிலிருந்து இறங்கும் முன்பே பொன் கன்றுக்குட்டியை வார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான், 34-ஆம் அதிகாரத்தில், கர்த்தர் தம்மை "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்" என்று அறிவித்து, உடைந்த கற்பலகைகளுக்குப் பதிலாக வேறு இரண்டைக் கொடுக்கிறார். எனவே பழைய ஏற்பாடு கண்டிப்பு, புதிய ஏற்பாடு கிருபை என்று பிரிப்பது வேதாகமத்தின் பிரிவினை அல்ல. "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 முறை திரும்பத் திரும்பப் பாடுவது சங்கீதம் 136. அப்படிப் பிரித்துப் பார்த்த இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்க்கியோன், பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்டு, வெட்டித் திருத்திய லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். ரோமாபுரிச் சபை அவரை 144-இல் விலக்கியது.

இதற்கு எதிராக யோவான் 1:17-ஐக் காட்டுவார்கள்: "நியாயப்பிரமாணம் மோசேயின் மூலமாய்க் கொடுக்கப்பட்டது, கிருபையும் சத்தியமும் இயேசுகிறிஸ்துவின் மூலமாய் உண்டாயின." இரண்டு பாதிக்கும் நடுவே "ஆனால்" என்ற சொல் கிரேக்க மூலத்தில் இல்லை. முந்தின வசனம் "கிருபையின்மேல் கிருபை பெற்றோம்" என்கிறது. "கிருபையும் சத்தியமும்" என்ற இணை யாத்திராகமம் 34-இன் எதிரொலி. சீனாயில் பெயராக அறிவிக்கப்பட்டது இங்கே மாம்சமாக வந்து நிற்கிறது என்பதுதான் யோவான் சொல்ல வருவது.

அடுத்து, சொற்கள். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. நாம் நியாயப்பிரமாணம் என்றும், கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் திருச்சட்டம் என்றும் சொல்வதற்கு எபிரெய மூலம் தோரா. தோரா என்றால் முதலில் போதனை, வழிகாட்டுதல். சட்டப்புத்தகம் என்ற பொருள் அதற்குள் அடங்கிய ஒரு பகுதி. யூத ரபீக்கள் அதிலுள்ள கட்டளைகளை 613 என்று எண்ணினார்கள்: செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. கிரேக்கத்தில் இது நோமொஸ் ஆனது, பவுல் அந்த ஒரே சொல்லைப் பல பொருளில் ஆள்கிறார். ரோமர் 3:10 முதல் 18 வரை அவர் அடுக்கும் மேற்கோள்களில் பெரும்பாலானவை சங்கீதங்களும் ஏசாயாவும். அடுத்த வசனத்தில் அவற்றை "நியாயப்பிரமாணம் சொல்லுகிறது" என்கிறார். அங்கே அது முழு வேதம். கலாத்தியர் 3:17-இல், ஆபிரகாமுக்கு வாக்குத்தத்தம் கிடைத்து 430 ஆண்டுக்குப் பின் வந்த சீனாய் உடன்படிக்கை. ரோமர் 7:23-இல் அவயவங்களில் இருக்கும் "பாவப்பிரமாணம்" என்னும்போது, உள்ளே இழுத்துச் செல்லும் ஒரு விசை. இந்த மூன்றையும் ஒன்றாகப் பிசைந்தால் பவுல் ஒரு பக்கத்தில் நியாயப்பிரமாணத்தைப் புகழ்ந்து அடுத்த பக்கத்தில் திட்டுவதுபோலத் தோன்றும். வசனத்தைப் படிக்கும்போது "எந்த நோமொஸ்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள்.

கிருபை என்றால் என்ன என்பதை விளக்க ரோமர் 4:4 போதும்: "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்." உழைத்தவனுக்குக் கூலி கொடுக்கிறவர் தயவு காட்டவில்லை, கடனைத் தீர்க்கிறார். தேவன் யாருக்கும் கடன்பட்டவரல்ல. ஆகவே அவரிடமிருந்து வருவது கூலியாக இருக்க வழியே இல்லை.

விசுவாசம் என்பது தேவன் உண்டு என்ற கருத்து மட்டும் அல்ல. அந்தக் கருத்து பிசாசுகளுக்கும் இருக்கிறது, அவை நடுங்கவும் செய்கின்றன என்று யாக்கோபு 2:19 சொல்கிறது. எபிரெயத்தில் எமுனா, கிரேக்கத்தில் பிஸ்டிஸ். இரண்டிலும் நம்பிச் சாய்வது, உண்மையாய் நிலைத்திருப்பது ஆகிய இரு பொருளும் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: "விசுவாசத்தினிமித்தம்" நீதிமானாக்கப்படுகிறோம் என்று புதிய ஏற்பாடு எங்கேயும் சொல்லவில்லை. விசுவாசத்தினாலே, விசுவாசத்தைக்கொண்டு என்றுதான் சொல்கிறது. வேறுபாடு சிறியதல்ல. என் விசுவாசத்தின் அளவைப் பார்த்து தேவன் மதிப்பெண் போடுகிறார் என்றால், விசுவாசமே இன்னொரு கிரியையாகிவிடும். "எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் கேட்டது நடக்கவில்லை" என்று தன்னையே வதைத்துக்கொள்கிறவர் இந்தக் குழியில்தான் விழுந்திருக்கிறார். பலன் சாய்கிறவரின் பலத்தில் இல்லை, சாய்ந்திருக்கும் தூணில் இருக்கிறது.

எபேசியர் 2:8-10-ஐ வேற்றுமை உருபுகளோடு படித்தால் வரிசை தானாகத் தெரியும். "கிருபையினாலே" என்பதில் காரணம். "விசுவாசத்தைக்கொண்டு" என்பதில் 'கொண்டு' என்ற சொல்லுருபு, அது கருவி. "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" என்பதில் நான்காம் வேற்றுமை, அது நோக்கம். கிரியை அந்த வாக்கியத்தில் இல்லாமல் போகவில்லை, காரணத்தின் இடத்திலிருந்து நோக்கத்தின் இடத்துக்கு மாறியிருக்கிறது. 8, 9-ஆம் வசனங்களை மட்டும் சுவரில் மாட்டி 10-ஆம் வசனத்தை விட்டுவிடுகிற பழக்கம் பெரிய சேதம் செய்திருக்கிறது.

இந்த வரிசைக்குப் பவுல் காட்டும் சான்று ஆபிரகாம், அதுவும் வயதுக் கணக்கோடு. ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15:6. இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில், 99 வயதில். அதாவது நீதிமானாக எண்ணப்பட்டு, குறைந்தது 13 ஆண்டு கழித்துத்தான் உடலில் அடையாளம் வருகிறது. சீனாய் வர இன்னும் நாலு நூற்றாண்டு. "விருத்தசேதனமுள்ளவனாயிருந்தபோதா, இல்லாதவனாயிருந்தபோதா?" என்று ரோமர் 4:10 கேட்பது அலங்காரக் கேள்வி அல்ல, தேதி பார்த்துக் கேட்கிற கேள்வி.

இதைச் சொல்லும்போது யூத மார்க்கத்தை "கிரியை செய்து பரலோகத்தைச் சம்பாதிக்கும் மதம்" என்று வரைவது நியாயமல்ல. நீங்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் தெரிந்துகொள்ளப்படவில்லை, உங்கள் நீதியினிமித்தம் தேசத்தைச் சுதந்தரிக்கவில்லை என்று உபாகமம் 7-உம் 9-உம் வெளிப்படையாகச் சொல்கின்றன. தோரா அவர்களுக்கு வரம். அப்படியானால் பவுல் எதிர்க்கும் "நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்" எவை? சீர்திருத்தவாதிகள், மனிதன் தன் நீதிக்காகச் செய்யும் எல்லா முயற்சியையும் இதில் அடக்கினார்கள். 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பல ஆராய்ச்சியாளர்கள், யூதரைப் புறஜாதியாரிடமிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்களை, அதாவது விருத்தசேதனம், உணவு, ஓய்வுநாள் ஆகியவற்றையே இந்தச் சொல் முதன்மையாகக் குறிக்கிறது என்றார்கள். சவக்கடல் அருகே குமரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள் ஒன்றில் இதே சொற்றொடர் வருகிறது; அங்கே பேசப்படுவது சுத்தம், பலி முறை போன்றவற்றில் எந்தப் பிரிவின் விளக்கம் சரி என்பது. அப்படிச் செய்தால் "உனக்கு நீதியாக எண்ணப்படும்" என்றும் அந்தச் சுருள் முடிகிறது. கலாத்தியர் நிருபத்தின் சூழலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ரோமர் 4 கூலி, கடன் என்று பேச்சைக் கொண்டுபோய்விடுவதால், அடையாளங்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ள முடியாது என்பதே சரியான முடிவு. அடையாளத்தில் தொடங்கிய வாதம், மனிதனின் பெருமை முழுவதையும் தொட்டு நிற்கிறது.

கலாத்தியாவில் நடந்தது என்ன என்று பாருங்கள். கிறிஸ்துவை யாரும் மறுதலிக்கச் சொல்லவில்லை. கிறிஸ்துவோடு விருத்தசேதனமும் சேரட்டும் என்றார்கள், அவ்வளவே. அந்தியோகியாவில் பேதுரு செய்தது அதைவிடச் சிறியதாகத் தோன்றும்: புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார். ஒரு பந்தி மாற்றத்தில் சுவிசேஷமே இருக்கிறது என்று கண்டார்: கிறிஸ்து போதுமானவர் என்று வாயால் சொல்லிவிட்டு, பந்தியில் போதாது என்று காட்டக்கூடாது.

இந்த வழக்கு கி.பி. 49 வாக்கில் எருசலேமில் தீர்க்கப்பட்டது. அப்போஸ்தலர் 15-ஐ முழுவதும் படியுங்கள். நம்முடைய பிதாக்களும் நாமும் சுமக்க முடியாத நுகத்தைச் சீஷரின் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்கிறார் பேதுரு. எருசலேம் சபையின் தலைவர் யாக்கோபு தீர்ப்புச் சொல்கிறார்: விருத்தசேதனம் தேவையில்லை, நான்கு காரியங்களை விட்டு விலகினால் போதும். விக்கிரகங்களுக்குப் படைத்தவை, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். இந்த நான்கும் ஏனோதானோ என்று பொறுக்கியவை அல்ல. இஸ்ரவேலருக்குள் தங்கும் அந்நியருக்கு லேவியராகமம் 17, 18 விதித்தவற்றோடு இவை நெருங்கி ஒத்துப்போகின்றன. இரண்டு ஜனமும் ஒரே பந்தியில் உட்கார இது வழி செய்தது.

பவுல் எருசலேமில் தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்ய உடன்படவில்லை (கலாத்தியர் 2:3). அப்போஸ்தலர் 16-இல் தீமோத்தேயுவுக்குச் செய்தார். இரட்டை வேடம் அல்ல. தீத்து கிரேக்கர், அவரிடம் அது இரட்சிப்புக்கு நிபந்தனையாகக் கேட்கப்பட்டது. தீமோத்தேயுவின் தாய் யூத ஸ்திரீ. யூதரிடையே ஊழியம் செய்யத் தடையில்லாமலிருக்க அது செய்யப்பட்டது. ஒரே செயல், நிபந்தனையாக வந்தால் விஷம், அன்பினால் வந்தால் சுயாதீனம். இன்று உபவாசம், உடை, நாள் என்று எதைக் குறித்துக் கேள்வி வந்தாலும் இந்த இரு பெயரையும் அருகருகே வைத்து யோசிக்கலாம்.

அப்படியானால் நியாயப்பிரமாணம் எதற்குக் கொடுக்கப்பட்டது? "பாவத்தை அறிகிற அறிவு நியாயப்பிரமாணத்தினால் வருகிறது" என்பது ஒரு பதில். கலாத்தியர் 3:24 "உபாத்தியாய்" என்கிறது. நம் காதுக்கு அது பள்ளி ஆசிரியர். கிரேக்கச் சொல் பைதகோகொஸ் குறிப்பது ஆசிரியரை அல்ல. வீட்டுப் பிள்ளையைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கு அழைத்துப்போய், வழியில் கண்டித்து, பத்திரமாகத் திரும்பக் கூட்டிவரும் அடிமை. பிள்ளை வளர்ந்ததும் அவன் வேலை முடிகிறது. அவன் கெட்டவன் என்பதால் அல்ல, பிள்ளை வயதுக்கு வந்துவிட்டது என்பதால். ரோமர் 10:4-இல் கிறிஸ்து நியாயப்பிரமாணத்தின் "முடிவு" என்று வரும் இடத்தில் உள்ள தெலொஸ் என்ற சொல்லுக்கும் இலக்கு, போய்ச்சேரும் இடம் என்ற பொருள் சேர்ந்தே இருக்கிறது. பயணம் முடிந்தது என்பதும் ஊர் வந்துவிட்டது என்பதும் ஒன்றுதானே. "அழிக்கிறதற்கு அல்ல, நிறைவேற்றுகிறதற்கே வந்தேன்" என்று மத்தேயு 5:17 சொல்வதும் இதையே.

யாக்கோபுக்கு வருவோம். வேதாகமத்தில் "விசுவாசத்தினாலேமாத்திரம்" என்ற சேர்க்கை வரும் ஒரே இடம் யாக்கோபு 2:24, அதுவும் "அல்ல" என்ற சொல்லோடு. ரோமர் 3:28-இல் "மாத்திரம்" என்பதற்கு நேரான சொல் கிரேக்கத்தில் இல்லை. 1522-இல் லுத்தர் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதைச் சேர்த்தார், கருத்து அதைக் கேட்கிறது என்று பின்னர் விளக்கமும் கொடுத்தார். முரண்பாடா? இருவரும் எடுக்கும் ஆபிரகாமைக் கவனியுங்கள். பவுல் நிற்பது ஆதியாகமம் 15-இல், வானத்து நட்சத்திரங்களுக்குக் கீழே. யாக்கோபு நிற்பது 22-இல், ஈசாக்கைக் கிடத்திய பலிபீடத்தருகே. நடுவே பல ஆண்டுகள். பவுலின் எதிரே நிற்பவர், கிரியையைக் கொண்டுவந்து உள்ளே நுழையப் பார்க்கிறவர். யாக்கோபின் எதிரே நிற்பவர், உள்ளே வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று கதவைச் சாத்துகிறவர். நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. பவுலும் "அன்பினால் கிரியை செய்கிற விசுவாசமே உதவும்" என்று கலாத்தியரில்தான் எழுதுகிறார். ஒருவர் மருந்தை மற்றவர் நோயாளிக்குக் கொடுக்கும்போதுதான் கேடு: மனம் நொறுங்கி வந்தவரிடம் யாக்கோபு 2-ஐ வாசிப்பதும், ஏழையை ஏமாற்றிக்கொண்டே ஆராதிக்கிறவரிடம் ரோமர் 4-ஐ வாசிப்பதும்.

சபைகள் இதில் ஒரே மொழி பேசவில்லை. 418-இல் கார்த்தேஜ் சங்கம், கிருபையின் உதவியில்லாமலே கட்டளையைக் கைக்கொள்ளலாம் என்ற பெலேகியுவின் போதனையைத் தள்ளியது. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், கிறிஸ்துவின் கிருபையின்றி யாரும் தன் கிரியையால் நீதிமானாக முடியாது என்று முதல் விதியிலேயே சொல்லி, ஒன்பதாம் விதியில் "விசுவாசம் மட்டும்" என்ற போதனையையும் தள்ளியது. நானூறு ஆண்டுக்கு மேல் கழித்து, 1999 அக்டோபர் 31-இல், ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் நீதிமானாக்கப்படுதல் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எல்லா வேறுபாடும் தீரவில்லை. கிருபையே முந்தியது என்பதில் ஒரே குரலாய் நிற்க முடிந்தது.

இனி நடைமுறை. ஒழுக்கச் சட்டம், ஆசாரிப்புச் சட்டம், சமுதாயச் சட்டம் என்று மூன்றாகப் பிரித்து, முதலாவது மட்டும் நிலைக்கிறது என்பது வழக்கமான பதில். 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினா இதை ஒழுங்காக வகுத்தார். சீர்திருத்த சபைகளின் 17-ஆம் நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை உறுதிப்படுத்தியது. கைக்கு உதவும் பிரிவினைதான், ஆனால் மோசேயின் புத்தகங்கள் தாமே இப்படிக் கோடு போடவில்லை. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது லேவியராகமம் 19:18. இருவகை நூல் கலந்த வஸ்திரம் உடுத்தாதே என்பது 19:19. அடுத்தடுத்த வசனம். கோட்டை எங்கே போடுவது என்று நாமாக முடிவு செய்தால், நமக்கு வசதியான இடத்தில்தான் போடுவோம்.

அதைவிட உறுதியான வழி, அப்போஸ்தலர் கையாண்ட விதத்தைப் பின்பற்றுவது. ஒரு சட்டத்தை எடுத்தால், அது யாருக்கு, எந்த நிலைமைக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். அது எதைக் காக்கிறது, தேவனிடத்திலும் பிறனிடத்திலும் காட்டும் அன்பை எப்படி உருவாக்குகிறது என்று கேளுங்கள். பிறகு, கிறிஸ்துவுக்குள் அதற்கு என்ன ஆயிற்று என்று தேடுங்கள்: பலிகளைப்போல நிறைவேறி முடிந்ததா (எபிரெயர் 10), ரோமர் 13:9-இல் வருவதுபோல மறுபடி உறுதியானதா, மலைப்பிரசங்கத்தில்போல இருதயம்வரை ஆழமானதா? அதன் பிறகே "நான் என்ன செய்ய வேண்டும்" என்பது. தவறுகளில் பெரும்பாலானவை, முதல் படியிலிருந்து நேராகக் கடைசிப் படிக்குத் தாவுவதால் வருகின்றன.

உதாரணத்துக்கு உபாகமம் 22:8: புது வீடு கட்டினால் மெத்தையை, அதாவது மொட்டைமாடியை, சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டு, ஒருவன் விழுந்தால் உன் வீட்டின்மேல் இரத்தப்பழி வரும். மேல்தளம் தட்டையாக இருந்து ஜனங்கள் அங்கே புழங்கின காலம். காப்பது பிறனின் உயிரை. கொலை செய்யாதே என்பதன் மறுபக்கம் இது: உன் கவனக்குறைவால் யாரும் சாகக்கூடாது. சுவரின் அளவு பழையதாகலாம், பாதுகாப்பில்லாத இடத்தில் ஒருவரை வேலைக்கு ஏற்றுகிறவருக்கு இந்த வசனம் பழையதாகவில்லை. போரடிக்கிற மாட்டை வாய் கட்டாதே என்ற உபாகமம் 25:4-ஐ 1 கொரிந்தியர் 9-இல் பவுல் ஊழியரின் பிழைப்புக்கு எடுப்பது இதே முறையில்தான்.

உணவைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டியதில்லை. வெளியிலிருந்து உள்ளே போவது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது என்று மாற்கு 7 சொல்கிறது, ரோமர் 14 இருதரப்பையும் அடக்குகிறது: சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணாதிருக்கட்டும், சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருக்கட்டும். ஒருவர் ஒரு மாம்சத்தை விலக்கினால் அது அவர் உரிமை. அதை இரட்சிப்பின் வாசலில் வைத்தால் கலாத்தியர் 5:3 வந்து நிற்கும்: ஒன்றை நிபந்தனையாக ஏற்கிறவன் முழு நியாயப்பிரமாணத்துக்கும் கடனாளி.

ஓய்வுநாளில் நேர்மையான கிறிஸ்தவர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் சனிக்கிழமையைக் கைக்கொள்கிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் மரபு, கட்டளை நிலைக்கிறது, நாள் ஞாயிறுக்கு மாறியது என்கிறது. மற்றவர்கள், ஓய்வுநாள் வருங்காரியங்களின் நிழல், அதன் பொருள் கிறிஸ்து என்ற கொலோசெயர் 2:16, 17-ஐப் பிடிக்கிறார்கள். 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை விடுமுறையாக ஆணையிட்டது உண்மை; ஞாயிறு ஆராதனையையே அவர்தான் புகுத்தினார் என்பது தவறு. இரண்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் ஞாயிறு கூடுகையை விவரித்திருக்கிறார். நாளைக் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்பது பவுலின் நேரடிச் சொல். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் வேலையை இறக்கிவைக்க முடியாதவர், தன் உழைப்புத்தான் தன்னைத் தாங்குகிறது என்று நம்புகிறாரோ என்று தன்னையே கேட்டுக்கொள்வது நலம்.

தசமபாகத்தில்தான் போதனை அதிகம் கோணலாகிறது. லேவியராகமம் 27-இன்படி அது நிலத்தின் விளைச்சலிலும் மரத்தின் கனியிலும் மந்தையிலும் பத்தில் ஒன்று. எண்ணாகமம் 18, நிலப்பங்கு இல்லாத லேவியருக்கு அதைக் கொடுக்கிறது. அவர்கள் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். உபாகமம் 14-இல் வருவதோ, கொடுத்தவர் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் தாமே புசித்துச் சந்தோஷப்படுவது. மூன்றாம் வருஷத்தில் அது லேவியன், பரதேசி, திக்கற்றவன், விதவை ஆகியோருக்கு. இத்தனை பகுதியையும் விட்டுவிட்டு, தசமபாகத்தில் தேவனை வஞ்சித்தவர்கள்மேல் மல்கியா 3 சொல்லும் சாபத்தை மட்டும் எடுத்து, மாத வருமானத்தில் பத்தில் ஒன்று தராத விசுவாசியின்மேல் வைப்பது தவறு. நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து நம்மை மீட்டார் என்று கலாத்தியர் 3:13 சொன்ன பிறகு, எந்தச் சாபத்தை யார் திரும்பக் கொண்டுவருவது? 2 கொரிந்தியர் 8, 9 கொடுத்தலைப் பற்றிய மிக நீண்ட பகுதி. அதில் விகிதம் கிடையாது. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்றிருக்கிறது. அந்தக் காணிக்கைக்கே பவுல் காரிஸ் என்ற சொல்லை, கிருபைக்குரிய அதே சொல்லை, பயன்படுத்துகிறார். தன் மனதில் பத்தில் ஒன்று என்று நியமித்துக் கொடுக்கிறவர் நன்றாகச் செய்கிறார். இருக்கிறவருக்குப் பத்தில் ஒன்று மிகக் குறைவாகவும் இருக்கலாம்.

இரு பக்கமும் பள்ளம் உண்டு. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா?" என்ற கேள்வி பவுல் காலத்திலேயே எழுந்தது. ரோமர் 6:14 அதற்கு வைக்கும் தர்க்கம் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர். கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறீர்கள், ஆகையால் பாவம் பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது என்கிறார். அவபக்தியை வெறுத்து வாழ நமக்குப் போதிப்பது கிருபையே என்று தீத்து 2:11, 12 சொல்கிறது.

மறுபக்கத்துப் பள்ளம் பக்தியுள்ளவர்களுக்கு. ஜெபம் தவறிய நாளில் தேவன் தூரமானார் என்றும், உபவாசம் முடித்த நாளில் அவர் பதில் தரக் கடமைப்பட்டார் என்றும் மனம் கணக்கு எழுதும். "கிருபையினின்று விழுந்தீர்கள்" என்ற சொல்லைப் பாவத்தில் விழுந்தவரைப் பார்த்துப் பிரயோகிக்கிறோம். கலாத்தியர் 5:4 அதை யாரிடம் சொல்கிறது என்று பாருங்கள்: "நியாயப்பிரமாணத்தினாலே நீதிமான்களாக விரும்புகிற நீங்கள்" என்கிறது. விழுந்தவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் அல்ல, ஒழுக்கத்தைப் பற்றுக்கோடாக்கியவர்கள்.

இதை வேதத்திலேயே பின்தொடர விரும்பினால் கலாத்தியரை ஒரே உட்காரலில், முடிந்தால் சத்தமாக, வாசியுங்கள். ஆறு சிறிய அதிகாரங்கள்தான். அடுத்து அப்போஸ்தலர் 15, எரேமியா 31:31-34, எசேக்கியேல் 36:26, 27. பிறகு ரோமர் 3 முதல் 8 வரை. ரோமர் 7-இன் முடிவில் மட்டும் நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை, பவுல் போட்டவை அல்ல. "நிர்ப்பந்தமான மனுஷன் நான்!" என்ற கூக்குரலோடு புத்தகத்தை மூடினால் கட்டளையும் தோல்வியும் மட்டுமே மனதில் தங்கும். இடைவிடாமல் 8:4 வரை போங்கள். "ஆவியின்படி நடக்கிற நம்மிடத்தில் நியாயப்பிரமாணத்தின் நீதி நிறைவேறும்படிக்கே" என்றிருக்கிறது. நாம் "நிறைவேற்றும்படிக்கு" அல்ல, நம்மிடத்தில் "நிறைவேறும்படிக்கு."